ஏழு மணி மாத்திரை

"மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள்ள அந்த ஆளோட பேரு எனக்கு வந்தாகணும். இல்லன்னா இன்னைக்கே அவளை அவ அப்பன் ஊருக்கு வண்டி ஏத்திடுவோம்."

காலை எட்டு மணிக்கு எங்கள் மருத்துவமனை வாசலில் நின்று இப்படிக் கெடு வைத்தவர் கனாவே. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் கம்பளிக் குல்லாய், கக்கத்தில் குடை. மழைக்கும் தயார், சண்டைக்கும் தயார்.

அவருடைய தம்பி சைலஸுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அதில் ரகசியம் எதுவும் இல்லை; சர்ச்சில் மைக்கைப் பிடித்து அவனே சொன்னவன். நாலு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறான். கிருமி பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டது, அப்படி அடங்கினால் மனைவிக்குத் தொற்றாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நாங்கள்தான். அந்தத் தைரியத்தில்தான் அவன் மனைவி டெல்மா பிள்ளைக்கு ஆசைப்பட்டாள். ஐந்தாம் மாதப் பரிசோதனையில் அவளுக்கும் கிருமி இருப்பது தெரிந்தது. புருஷனிடமிருந்து வந்திருக்க முடியாது என்றால் வேறு எவனிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். கனாவே போட்ட கணக்கு அவ்வளவுதான். அதில் எங்கே தப்பு என்று சொல்ல முடியவில்லையே என்பதுதான் எனக்கு எரிச்சல்.

சிஸ்டர் மிரியம் கியாகி வாயில் இருந்த பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். கிருமி யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று தடம் பிடிப்பது அவருடைய வேலை. இருபது வருஷமாகப் பிடிக்கிறார். எங்கள் வண்டி கடைத்தெருவில் நுழைந்தால் இந்த மலை டவுன் கோரோகாவின் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவசரமாக எதிர்ப்பக்கம் போக வேண்டிய வேலை வந்துவிடும். நான் ஹோசியா. வண்டி ஓட்டுவேன், பதிவேடு எழுதுவேன், யாரும் கேட்காத கருத்தைச் சொல்வேன். மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

"பன்னிரண்டு மணிக்கு உங்க ஊர்ல இருப்பேன்," என்றார் சிஸ்டர்.

கனாவே குடையை ஒரு முறை தரையில் தட்டிவிட்டுப் போனார்.

பெயரே தெரியாமல் எப்படி வாக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். வாக்கு எங்கே கொடுத்தேன், வருவேன் என்றுதானே சொன்னேன், நாலு மணி நேரம் சும்மா கிடைத்ததா இல்லையா என்றார். சிஸ்டரிடம் பேசி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

டெல்மா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவளை அனுப்பிவிட்டால் வீடு போகும். அவள் கையால் நட்ட நானூறு காபிச் செடி போகும். பிறக்கிற பிள்ளை தகப்பன் குலத்துக்குச் சொந்தம் என்று, பால் மறந்ததும் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அதைச் சொல்லி மிரட்டி அவள் வாயிலிருந்து ஒரு பெயரை வாங்கிவிடலாம் என்று மூன்று வாரமாக ஊரே முயன்று பார்த்துவிட்டது.

"அவரைத் தவிர எவனும் இல்லை. எத்தனை தடவை சொல்றது?" என்றாள். "நீங்க எழுதிக் குடுத்ததை நம்பித்தான் வயித்துல வாங்கினேன். தப்பு உங்க காகிதத்துல இருக்கா, என் உடம்புல இருக்கான்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சிஸ்டர்."

வெளியே வந்ததும் சிஸ்டர் அவளை நம்புவதாகச் சொன்னார். எதை வைத்து என்று கேட்டேன்.

"பொய் சொல்றவ இந்நேரம் ஒரு பேரைச் சொல்லியிருப்பா. செத்துப்போனவன் பேரா பாத்துச் சொல்லியிருப்பா."

நம்பினாலும், எங்களிடம் இருந்த ஒரே தடம் கனாவே கொடுத்ததுதான். யாலிங் என்று ஒரு பாக்கு வியாபாரி. கீழே மார்க்கம் சமவெளியிலிருந்து லாரியில் மூட்டை கொண்டுவருபவன். சந்தையில் டெல்மா கிழங்கும் கீரையும் விற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடை. அவளுக்குத் தினமும் இரண்டு பாக்கு இலவசமாகக் கொடுக்கிறானாம். எங்கள் ஊரில் பாக்கை இனாமாகக் கொடுப்பவனைச் சந்தேகப்படாமல் யாரைச் சந்தேகப்படுவது?

போகிற வழியில் சிஸ்டர் தன் நூல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அது அவருடைய இன்னொரு தலைவலி. ரத்தத்தில் கிருமியை எண்ணும் எந்திரத்துக்குள் போடும் டப்பா ஒன்றரை வருஷமாக வரவே இல்லை. போன வாரம் வந்தது, பன்னிரண்டே பன்னிரண்டு. மாத்திரை சாப்பிட்டும் உடம்பு மெலிந்து வந்த பதினோரு பேருக்கு எண்ணிப் பார்த்தோம். ஆறு பேருக்குக் கிருமி எகிறிக் கிடந்தது. ஐந்து பேருக்கு அடங்கியே இருந்தது. அவர்களுக்கு இளைப்பு வேறு காரணம்.

வேடிக்கை என்னவென்றால், எகிறின ஆறு பேரும் ஒரு மாத்திரை தவறவிடாதவர்கள். எண்ணிப் பார்த்துவிட்டோம். ஆறு பேரும் ஆறு ஊர். ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. யாரோ ஒருவர், மாத்திரைக்கு அடங்காத கிருமியை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று மேலதிகாரி எழுதியிருந்தார். அந்த வரிசையைத் தேடித்தான் சிஸ்டர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

அடங்கியிருந்த ஐந்து பேரும் ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமை ஆராதிக்கும் சனிக்கிழமைச் சபைக்காரர்கள் என்று நான் ஞாபகப்படுத்தினேன். கர்த்தர் அவர்களுடைய மாத்திரையை மட்டும் தனியாக ஆசீர்வதிக்கிறார் போலிருக்கிறது, லுத்தரன்காரனான எனக்கு இது மனத்தாங்கல் என்றும் சொன்னேன். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"அவங்க பன்னி சாப்பிட மாட்டாங்க இல்ல?"

"பன்னியை விட்டாத்தான் பிழைக்கலாம்னா நான் நல்ல மனசோட செத்துப்போறேன் சிஸ்டர்."

சந்தையில் எங்கள் வண்டி நின்றதுதான் தாமதம், யாலிங் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டம் பிடித்தான். ஓடுகிறவனைப் பார்த்தால் துரத்துவது எனக்குச் சின்ன வயசிலிருந்தே உள்ள பழக்கம். கோழிக் கூண்டுகளைத் தாண்டினான், தாண்டினேன். பழைய துணிக் கடைக்குள் புகுந்தான், புகுந்தேன். வெளியே வரும்போது என் தலையில் ஒரு பெண்பிள்ளைச் சட்டை இருந்தது. அப்போது அவன் மூட்டை அவிழ்ந்தது. பச்சைப் பாக்கு முந்நூறு நானூறு தரையில் உருண்டது. அவன் விழுந்தான். அவன்மேல் நான் விழுந்தேன். சந்தை முழுக்கக் கை தட்டியது. சிஸ்டர் அவசரமே இல்லாமல் நடந்து வந்து, உருண்டு வந்த பாக்கில் ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்து உரித்தார்.

டவுனில் பாக்கு விற்கக் கூடாது என்று பிடிக்க வந்த ஆட்கள் என்று நினைத்துத்தான் ஓடினானாம். நாங்கள் எச்.ஐ.வி. விஷயமாக வந்திருக்கிறோம் என்றதும் யாலிங்கின் முகம் மலர்ந்தது. அவ்வளவுதானா என்று நிம்மதியாக மூச்சு விட்டு விரலை நீட்டினான். எங்கள் இருபது வருஷ அனுபவத்தில் அந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் மனுஷன் அவன்தான்.

ஒரு சொட்டு ரத்தம், பதினைந்து நிமிஷம், ஒற்றைக் கோடு. அவனுக்குக் கிருமி இல்லை.

இருந்த ஒரு தடமும் போயிற்று. மணி ஒன்பதரை. நான் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தேன். சிஸ்டர் நகரவில்லை. டெல்மாவுக்கு எதற்கு இனாம் பாக்கு என்று சாவகாசமாகக் கேட்டார்.

"அவ புருஷன் என் ராசியான ஆளு சிஸ்டர். காலையில முத போணி அவர்தான். ஏழு மணிக்கு என் கடை முன்னாடி அவர் போன் அலாரம் கத்தும். உடனே மாத்திரையைப் போட்டுத் தண்ணி குடிப்பார், கையோட பாக்கு, காரத்துக்குக் கொடிக்காய், சுண்ணாம்பு. ஒரு வருஷமா ஒரு நாள் தப்பினதில்ல. மத்தவன் எல்லாம் ரோட்டுல துப்புவான். அவர் துப்ப மாட்டார். டவுன்ல துப்பினா அபராதம்னு சாறை அப்படியே முழுங்கிடுவார். அவ்வளவு ஒழுங்கு."

சிஸ்டரின் தாடை நின்றது. மென்றுகொண்டிருந்ததை, அபராதம் விதிக்கப்பட்ட அதே ரோட்டில், பெரிய சிவப்பு வட்டமாகத் துப்பினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனார்.

முதலில் தலைநகர் மோர்ஸ்பியில் இருக்கும் டாக்டரிடம் பேசினார். ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை, விழவிடவில்லை. அடுத்து எங்கள் பரிசோதனைக் கூடத்து எஸ்ராவைக் கூப்பிட்டார். எஸ்ரா சனிக்கிழமைச் சபையில் மூப்பன். பன்றியைத் தவிர உங்கள் சபையில் வேறு என்னென்ன கூடாது என்று சிஸ்டர் கேட்டதும், சிஸ்டர் மனந்திரும்புகிறார் என்று நினைத்துவிட்டான் எஸ்ரா. பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தான். நடுவில் ஏதோ ஒன்றைச் சொல்லும்போது சிஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைசியாக என்னைக் கூப்பிட்டு, அந்த ஆறு பேரும் எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறார்கள் என்று பதிவேட்டில் பார்க்கச் சொன்னார்.

ஆறு பேரும் காலையில். ஆறு, ஆறரை, ஏழு.

என்ன என்று கேட்டேன். வண்டியை எடு என்றார். துப்பறிகிறவர்களிடம் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான், கண்டுபிடித்ததும் ஊமையாகிவிடுவார்கள்.

மருத்துவமனையில் சைலஸ் புது நோயாளிகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். எங்களிடம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதற்கு உதாரணம் அவன்தான். அவன் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். மனைவி வீட்டில் அந்தப் பாடு படுகிறாள், இவன் முக்காலியில் உட்கார்ந்து பாடம் சொல்கிறானே என்று எனக்கு ஆத்திரம். முகத்தைப் பார்த்ததும் ஆத்திரம் பாதி குறைந்தது. சவரம் செய்து ஒரு வாரம் இருக்கும். பழைய மாத்திரை ராத்திரி படுக்கும்போது சாப்பிட வேண்டியிருந்தது, தலை சுற்றும், கனவில் செத்துப்போன மாமியார் வந்து திட்டுவாள், போன வருஷம் மாற்றிக் கொடுத்த புது மாத்திரையில் அந்தத் தொல்லை கிடையாது, எந்நேரமும் சாப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

சிஸ்டர் அவனைத் தனியே அழைத்து ரத்தம் கேட்டார். இருப்பது ஒரே ஒரு டப்பா, அதைப் போய் தன்மேல் வீணாக்குவானேன் என்றான். சிஸ்டர் ஊசியைக் குத்திவிட்டுத்தான் பதில் சொன்னார். "உன் பொண்டாட்டிக்காக."

எஸ்ராவின் எந்திரத்துக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். பதினொன்றரைக்குச் சைலஸையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டெல்மா முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டாள். பாலம் தாண்டும்போது சிஸ்டரின் போன் அடித்தது. கேட்டார், வைத்தார், வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். ரிசல்ட் உனக்குத்தான் சொந்தம், ஹோசியா இறங்கட்டுமா என்று சைலஸைக் கேட்டார். இருக்கட்டும் என்றான்.

"உன் ரத்தத்துல கிருமி எண்பத்தி நாலாயிரம் இருக்கு, சைலஸ்."

எந்திரம் கெட்டுப்போயிருக்கும் என்றான் அவன்.

"எந்திரம் சரியாத்தான் இருக்கு."

"நான் ஒரு நாள் விட்டிருக்கேனா சிஸ்டர்? ஒரு மாத்திரை? எண்ணிப் பாருங்க."

"விடல. நீ மாத்திரையை விடல, பாக்கையும் விடல. அந்தப் புது மாத்திரையோட சுண்ணாம்பு சேர்ந்தா, மாத்திரை அதோட ஒட்டிக்கிட்டு உடம்புல ஏறாம வெளிய போயிடும். வயித்தெரிச்சல் மாத்திரையைச் சேர்த்துப் போடாதீங்கன்னு சொல்லிக் குடுத்தோமே, அதே சங்கதி. டாக்டர் இப்படி ஒரு கேஸை நேர்ல பாத்ததில்லையாம். ஆனா நடக்கக்கூடியதுதான்னு சொல்றார். நிறுத்திட்டு ரெண்டு மாசத்துல திரும்ப எண்ணினா தெரிஞ்சுபோகும்."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. சனிக்கிழமைச் சபைக்காரர்களுக்குப் பன்றி கூடாது, காபி கூடாது, பாக்கும் கூடாது. ஐந்து பேரைக் காப்பாற்றியது கர்த்தர் என்றாலும் சரி, பாக்குக் கறை படியாத வெள்ளைப் பல் என்றாலும் சரி. அந்த ஆறு பேரும் ஒருவருக்கொருவர் எதையும் கொடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் வாயில் அவரவரே போட்டுக்கொண்டது.

"அப்போ டெல்மாவுக்கு..." என்றான் சைலஸ்.

எவன்டா மாத்திரையைப் பாக்கோடு சாப்பிடச் சொன்னது என்று நான் கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. சைலஸ் சிஸ்டரைப் பார்த்தான்.

"நான்தான் சொன்னேன்," என்றார் சிஸ்டர். "மறக்காம இருக்கணும்னா, தெனமும் காலையில தவறாம செய்யற ஒரு காரியத்தோட மாத்திரையைக் கட்டிப் போடுங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். இந்த ஊர்ல காலையில எவன் எதைத் தவறாம செய்யறான்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. அதுவும் வாய் நிறையப் பாக்கை வெச்சுக்கிட்டுச் சொன்னேன். பேச்சைக் கேக்காதவன் எல்லாம் தப்பிச்சுட்டான். கேட்டவன் மாட்டிக்கிட்டான். எனக்கு வெட்கமா இருக்கு சைலஸ்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். எங்களுக்குப் பூதம் வண்டியின் முன் சீட்டிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது.

"உன் எண்ணிக்கையை நான் ஊர்ல சொல்ல முடியாது," என்றார் சிஸ்டர். "சட்டம் இடம் குடுக்காது. சொன்னா நீதான் சொல்லணும்."

சவுக்கு மரங்களுக்கு அடியில் குலத்து ஆண்கள் முப்பது பேர் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார்கள். டெல்மா ஓரமாக நின்றாள். பக்கத்தில் அவளுடைய பெரிய நூல் பை, திணித்துக் கட்டியது. ரோட்டில் பஸ் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

கனாவே பெயரைக் கேட்டார். சிஸ்டர் எழுந்து தன் பெயரைச் சொன்னார். தான் தப்பாக ஒரு பாடம் நடத்தியதையும், பாக்குச் சுண்ணாம்பு மாத்திரையைக் கெடுக்கும் என்பதையும், அதனால் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட ஆறு பேர் கெட்டதையும் ஒளிக்காமல் சொன்னார். மென்றுகொண்டிருந்த முப்பது வாயும் நின்றது. துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இந்த வம்பு இல்லை என்று நான்தான் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஆறு பேர் கதை தனக்கு எதற்கு என்றார் கனாவே. என் தம்பிக்குக் கிருமி அடங்கிவிட்டது என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள், இப்போது இல்லை என்கிறீர்களா, வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றார்.

சிஸ்டர் சைலஸைப் பார்த்தார். சைலஸ் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசுடா பேசுடா என்று நான் பல்லைக் கடித்தேன். ஊருக்கெல்லாம் உதாரணமாக இருந்தவன் தன் அண்ணன் தம்பி முன்னால் ஒன்றுமில்லாதவனாக வேண்டும். அது லேசில்லை. அதற்காக ஒரு பெண்ணைப் பலி கொடுப்பதா? பஸ் ஹாரன் அடித்தது. டெல்மா ஒருவரையும் பார்க்கவில்லை. குனிந்து பையைத் தூக்கினாள். வயிற்றோடு அவ்வளவு கனத்தைத் தூக்க முடியாமல் ஒரு முறை தடுமாறி, பிறகு நடந்தாள்.

"நில்லு டெல்மா."

சைலஸின் குரல் சின்னதாகத்தான் வந்தது. அவள் நிற்கவில்லை. அவன் ஓடிப்போய் முன்னால் நின்றான்.

"நான்தான் குடுத்தேன்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "வேற எவனும் இல்ல. என் ரத்தத்துல எண்பத்தி நாலாயிரம் இருக்கு, இப்பத்தான் எண்ணினாங்க. அண்ணே, மூணு வாரமா இவளைத் திட்டினதெல்லாம் என்னைத் திட்டியிருக்கணும். நானும் சேர்ந்து திட்டினேன்."

அவன் அழுதான். முப்பது ஆண்கள் முன்னால் ஒரு ஆண் அழுவதைக் கோரோகாவில் நான் அதிகம் பார்த்ததில்லை.

டெல்மா பையைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன்.

"வாயைத் திற," என்றாள்.

திறந்தான். விரலை விட்டு, கடைவாயில் ஒதுக்கியிருந்த பாக்குச் சக்கையைத் தோண்டி எடுத்துத் தூர எறிந்தாள். விரலைத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"உன்னை மன்னிக்கறதா வேண்டாமான்னு பிள்ளை பிறந்தப்புறம் யோசிக்கறேன். இப்போ எனக்கு மாத்திரை வேணும், பிள்ளைக்கு ஒண்ணும் வரக்கூடாது." சிஸ்டரிடம் திரும்பினாள். "காப்பாத்த முடியுமா, முடியாதா?"

இன்றைக்கே ஆரம்பித்தால் அநேகமாக முடியும், பையிலேயே கொண்டுவந்திருக்கிறேன் என்றார் சிஸ்டர். டெல்மா தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாகக் கனாவே பக்கம் போனாள்.

"பெரிய மச்சான், பஸ்ஸை அனுப்பிடுங்க. என் பையை எடுத்துக்கிட்டு வந்து வீட்டுல வைங்க."

எங்கள் மலைகளில் பெண்கள் பையை ஆண் சுமக்க மாட்டான். பெரிய மனிதன் சுமந்ததாகக் கதையில்கூடக் கிடையாது. கனாவே தம்பியைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார்; நான் வானத்தைப் பார்த்தேன். குடையைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தார். குல்லாயைக் கழற்றினார். பையின் வாரை நெற்றியில் மாட்டி, பெண்களைப் போலவே முன்னால் குனிந்து, எழுந்து நடந்தார்.

டெல்மா அவர் பின்னாலேயே போனாள்.

"மெதுவா நடங்க மச்சான். உள்ள முட்டை இருக்கு."